பாறை ஏறப் பணம்: தலைக்கா, வண்டிக்கா, நன்கொடையா?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே, ரெட் ரிவர் கார்ஜ் எனப்படும் பள்ளத்தாக்கைச் சுற்றிய காடுகளுக்குள் மணற்பாறைச் சுவர்கள் மைல் கணக்கில் நீண்டு கிடக்கின்றன. பாறை ஏறுவதற்காக அங்கே செல்பவர் ஒரே வார இறுதியில் மூன்று வகையான ஏற்பாடுகளைச் சந்திக்கக்கூடும். முயர் வேலி என்ற தனிப் பள்ளத்தாக்கின் வாசலில் ஒவ்வொரு வண்டிக்கும் பணம் கட்ட வேண்டும். சற்றுத் தொலைவில், பாறையேறிகளின் சங்கமே விலைக்கு வாங்கி வைத்திருக்கும் பென்டர்கிராஸ்-மர்ரே காப்பு நிலத்தில் ஏறக் கட்டணம் கிடையாது. விரும்பியவர் நன்கொடை அளிக்கலாம். டேனியல் பூன் தேசியக் காட்டுக்குள் இருக்கும் சுவர்களில் ஏறவும் கட்டணம் இல்லை. கல்லும் காடும் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபடுவது அந்த நிலம் யார் கையில் இருக்கிறது, அதைப் பேணும் செலவை யார் சுமக்கிறார்கள் என்பது மட்டுமே.

பாறையேறிகளின் சங்கங்களும் சிறு அறக்கட்டளைகளும் நிலம் வாங்குவது அங்கே கடந்த இருபது ஆண்டுகளாகப் பெருகியிருக்கிறது. நிலம் கைக்கு வந்ததும் முதற்கூட்டத்திலேயே எழும் கேள்வி, வருபவர்களிடம் பணம் வாங்குவதா, வாங்கினால் எந்த வடிவில் வாங்குவது என்பதாகும். அந்த முடிவை எடுக்க வேண்டியவர்களை மனத்தில் வைத்தே, நடைமுறையில் இருக்கும் முறைகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

பாறை தன்னளவில் எந்தச் செலவையும் வைப்பதில்லை. செலவு அதைச் சுற்றி எழுகிறது. வண்டிகள் நிற்க இடம் சமப்படுத்த வேண்டும், கழிப்பறை வேண்டும், மழையில் அரிக்கும் நடைபாதைக்குக் கல் பாவ வேண்டும், ஏறுபவர் கயிற்றை மாட்டுவதற்காகப் பாறையில் அடித்த போல்ட்டுகள் துருப்பிடித்தும் தளர்ந்தும் போகும் என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றைப் பார்த்து மாற்ற வேண்டும். மென்மையான மணற்பாறையில் பசையிட்டுப் பதிக்கும் போல்ட்டுகளையே பலர் பரிந்துரைக்கிறார்கள். அவற்றுக்குப் பொருட்செலவும் கூலியும் கூடுதல். இவற்றுக்கு மேல் சொத்து வரியும் காப்பீடும் ஆண்டுதோறும் தவறாமல் வந்து நிற்கும். ஆகவே, பணம் எங்கிருந்தாவது வந்தே ஆக வேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

கட்டணத் தொகை எவ்வளவு என்பதைப் பற்றியே பெரும்பாலான விவாதங்கள் நடக்கின்றன. அதற்கு முன்பே பார்க்க வேண்டியது சட்டம். தம் நிலத்தைப் பொழுதுபோக்குக்காகப் பிறருக்கு இலவசமாகத் திறந்துவிடும் உரிமையாளரை, அங்கே யாரேனும் அடிபட்டால் தொடரப்படும் இழப்பீட்டு வழக்கிலிருந்து பெருமளவு காக்கும் சட்டங்கள் அமெரிக்க மாநிலங்களில் இருக்கின்றன. 1965ஆம் ஆண்டில் மாநில அரசுகளின் மன்றம் வெளியிட்ட மாதிரிச் சட்டத்தை ஒட்டியே அவற்றுள் பல இயற்றப்பட்டன. அந்தப் பாதுகாப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு: நுழைய அனுமதிப்பதற்காக உரிமையாளர் பணம் வாங்கக்கூடாது. வாங்கினால் அவர் கடைக்காரரைப் போலவோ விடுதி நடத்துபவரைப் போலவோ கருதப்படுவார். வந்தவரின் பாதுகாப்புக்கு அவர் காட்ட வேண்டிய கவனத்தின் அளவும் உயர்ந்துவிடும். நிலத்தைப் பேணுவதற்கென்று வாங்கும் பத்து டாலர், அந்த நிலத்தையே இழக்கச் செய்யும் வழக்குக்கு வாசல் திறந்துவிடக்கூடும் என்பதுதான் இதில் உள்ள முரண்.

இந்தக் கோடு மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு இடத்தில் கிழிக்கப்பட்டிருக்கிறது. விஸ்கான்சினில் தனியார் உரிமையாளர் ஓர் ஆண்டில் 2,000 டாலருக்கு மேல் வசூலித்தால் பாதுகாப்பை இழப்பார். டெக்சஸில் முந்தைய ஆண்டில் அந்த நிலத்துக்கு விதிக்கப்பட்ட சொத்து வரியின் 20 மடங்கு வரை வசூலிக்க இடமுண்டு. கென்டக்கியின் சட்டம் கட்டணம் என்பதை நுழைவு அனுமதிக்கு ஈடாகக் கேட்கும் விலை என்று வரையறுக்கிறது. நியூயார்க்கில் நிலைமை விசித்திரமானது. அங்குள்ள சட்டம் வேட்டை, மீன்பிடிப்பு, நடைபயணம், குகை ஆய்வு, பனிச்சறுக்கு வண்டி என்று நீளும் பட்டியல் ஒன்றைத் தருகிறது. பாறை ஏறுதல் அந்தப் பட்டியலில் இல்லை. மேலும், பொழுதுபோக்கு இடங்களை நடத்துவோர் கட்டணம் பெற்றுக்கொண்டு, தம் அலட்சியத்துக்குத் தாம் பொறுப்பல்ல என்று எழுதி வாங்கும் கையொப்பம் செல்லாது என்று இன்னொரு சட்டப்பிரிவு சொல்கிறது. அங்கே கட்டணம் வாங்க நினைப்பவர், கையொப்பமிட்ட தாளை நம்பாமல், காப்பீட்டையும், ஆபத்தைத் தெரிந்தே ஏறினார் என்ற பொதுச் சட்டக் கோட்பாட்டையுமே நம்ப வேண்டியிருக்கும். வேறொரு மாநிலத்தில் நன்றாக நடக்கும் முறையை அப்படியே எடுத்துவந்து பொருத்தக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

அந்த நியூயார்க்கில்தான், தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் முறையின் மிகப் பழைய, மிக நேர்த்தியான எடுத்துக்காட்டும் இருக்கிறது. நியூயார்க் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 90 மைல் தொலைவில் ஷாவங்கங்க் மலைத்தொடர் உள்ளது. பாறையேறிகள் அதைச் சுருக்கமாகக் கங்ஸ் என்பார்கள். 1935ஆம் ஆண்டில் ஃபிரிட்ஸ் வீஸ்னர் அதன் வெண்பாறைச் சுவர்களைக் கண்டு ஏறத் தொடங்கியதிலிருந்து, அமெரிக்கப் பாறையேற்ற வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. டிராப்ஸ், நியர் டிராப்ஸ் என்ற முக்கியச் சுவர்கள் மோஹாங்க் பிரிசர்வ் என்ற இலாப நோக்கற்ற நிறுவனத்தின் நிலத்தில் இருக்கின்றன. 1963இல் அறக்கட்டளையாகத் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் இன்று சுமார் 8,000 ஏக்கரைக் காத்துவருகிறது. நடக்க வருபவரிடம் ஒரு தொகையும் ஏற வருபவரிடம் சற்றுக் கூடுதலான தொகையும் அது வாங்குகிறது. 2010களின் இறுதியில் அவை முறையே 15 டாலர், 20 டாலர் என்ற அளவில் இருந்தன. ஆண்டு உறுப்பினராகச் சேர்ந்தவர் நாள் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

இந்தப் பணத்துக்கு அங்கே கைமேல் பலன் தெரிகிறது. முழுநேரக் காவலர்கள் இருக்கிறார்கள்; விபத்து நேர்ந்தால் தூக்குப் படுக்கையோடு முதலில் ஓடிவருபவர்கள் அவர்களே. வசந்த காலத்தில் பெரிக்ரின் வல்லூறுகள் சுவர்களில் கூடு கட்டும்போது, எந்த வழித்தடங்களை எத்தனை நாள் மூடுவது என்று பறவைகளைக் கவனித்தே முடிவு செய்கிறார்கள். சுவரின் அடியை ஒட்டிச் செல்லும் பழைய குதிரைவண்டிப் பாதைகள் சீராக வைக்கப்பட்டிருக்கின்றன. இவையெல்லாம் தன்னார்வலர்களை மட்டும் வைத்து ஆண்டு முழுவதும் செய்யக்கூடிய வேலைகள் அல்ல.

இருந்தும் தலைக்கட்டணத்தை நான் முதல் தெரிவாகச் சொல்லமாட்டேன். முதலாவதாக, அதை விதிப்பதைவிட வசூலிப்பது கடினம். வாசலில் ஒருவர் நின்றால் போதாது. சுவரின் அடியில் கயிற்றோடு நிற்பவரிடமும் போய்ச் சீட்டைக் கேட்க வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு அந்த ஆள்பலம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் மட்டும் கூடும் இருபது பேர் கொண்ட சங்கத்துக்கு இருக்காது. இரண்டாவதாக, நால்வர் ஒரே வண்டியில் வந்தால் 80 டாலர் ஆகிறது. நால்வரும் தனித்தனி வண்டியில் வந்தாலும் அதே 80 டாலர்தான். வண்டிகளைக் குறைக்க வேண்டிய இடத்தில் அதற்கு எந்த ஊக்கமும் தராத முறை இது. மூன்றாவதாக, நபரிடம் நேரடியாக நுழைவுக்கு விலை வாங்குவதால், மேலே சொன்ன சட்டப் பாதுகாப்பை இழக்கும் வாய்ப்பு இந்த முறையில்தான் மிக அதிகம். நியூயார்க்கில் பாறையேறிகளைப் பொறுத்தவரை இழக்க அதிகம் இல்லை என்பதால் மோஹாங்குக்கு இது பொருந்துகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது ரெட் ரிவர் கார்ஜ் பாறையேறிகள் கூட்டமைப்பு பின்பற்றும் வழி. 2004இல் லீ மாவட்டத்தில் 700 ஏக்கருக்கு மேற்பட்ட பென்டர்கிராஸ்-மர்ரே நிலத்தை அது கடன் வாங்கி விலைக்கு எடுத்தது. ஒரு விளையாட்டுச் சங்கம் அந்த அளவு நிலத்தைத் தன் பெயரில் பதிவு செய்துகொள்வது அன்றைக்கு அசாதாரணமானது. அதிலும் மேற்பரப்பு மட்டுமே சங்கத்துக்கு. நிலத்தடி எண்ணெய் வேறொருவர் உரிமை என்பதால், எண்ணெய் இறைக்கும் பொறிகளைத் தாண்டித்தான் இன்றும் சுவர்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. அக்டோபரில் நடத்தும் விழா, உறுப்பினர் சந்தா, பெரு நன்கொடைகள் ஆகியவற்றைக் கொண்டே கடனை அடைத்தார்கள். 2013இல் மில்லர் ஃபோர்க் என்ற 309 ஏக்கர் நிலத்தையும் வாங்கினார்கள். ஆக்சஸ் ஃபண்ட் என்ற தேசிய அமைப்பு இப்படி நிலம் வாங்கும் உள்ளூர்ச் சங்கங்களுக்கென்று 2009 முதல் கடன் திட்டம் ஒன்றை நடத்துகிறது.

இலவசமாகத் திறந்துவிடுவதால் சட்டப் பாதுகாப்பு முழுமையாக நிலைக்கிறது. வசூலுக்கு ஆளும் வேண்டாம். அதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று. பணம் கட்டி நுழைந்தவர் தன்னை வாடிக்கையாளராக நினைத்துக்கொள்கிறார்; போல்ட் ஆடினால் புகார் எழுதுகிறார். கட்டாமல் நுழைந்தவரிடம், அடுத்த மாதம் பாதை செப்பனிடும் நாளில் மண்வெட்டி எடுக்க வாருங்கள் என்று கேட்க முடிகிறது. எல்லோரும் வருவதில்லை என்பது உண்மைதான். பத்துப் பேரில் ஒருவர் கொடுப்பதை மீதி ஒன்பது பேர் அனுபவிப்பது இந்த முறையின் பிறவிக்குறை. நிலம் வாங்கும்போது நன்கொடை பெருகும்; கழிப்பறை வாளியைக் காலி செய்யும் கூலிக்கு யாரும் விழா எடுப்பதில்லை.

இலவசம் என்றால் ஒழுங்கு இராது என்று சொல்வோருக்கு அதே பகுதியில் ஒரு மறுமொழி இருக்கிறது. ரோட்சைட் என்ற தனியார் சுவர், வருபவர்கள் விதிகளை மதிக்காததால் 2011இல் மூடப்பட்டு, பின்னர் முன்கூட்டியே பெற வேண்டிய இலவச அனுமதிச் சீட்டு முறையோடு மீண்டும் திறக்கப்பட்டது. வருபவரின் பெயர் பதிவாகிறது, விதிகளைப் படித்தேன் என்று அவர் ஒப்புக்கொள்கிறார், பணம் கைமாறுவதில்லை. ஒழுங்குக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் பதிவேடுதானே தவிரப் பணப்பெட்டி அல்ல என்பதை இது காட்டுகிறது.

தலைக்கட்டணத்துக்கும் இலவசத்துக்கும் இடையில் நிற்பது முயர் வேலி. ஒரு தம்பதியர் தம் சொந்தப் பணத்தில் நிலத்தை வாங்கி, பாதைகளும் பாலங்களும் அமைத்து, 2004 அளவில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டனர். சுமார் 400 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் 2015இல் முயர் வேலி நண்பர்கள் என்ற இலாப நோக்கற்ற அமைப்புக்கே எழுதிக்கொடுத்துவிட்டனர். கொடையாளர் இருவர் தோளில் இருந்த செலவு பொதுவில் வந்து இறங்கியபோதுதான் கட்டணம் என்ற பேச்சு வலுப்பெற்றது. அவர்கள் தேர்ந்தது வண்டி நிறுத்தக் கட்டணம். வண்டிக்கு 10 டாலர் என்ற அளவில் தொடங்கியது. ஏறுபவர் ஒவ்வொருவரும் பொறுப்புத் துறப்புப் படிவத்தில் முன்னதாகவே கையொப்பமிட வேண்டும். நடந்து வருபவருக்குக் கட்டணம் இல்லை என்ற தர்க்கம் இதில் அடங்கியிருக்கிறது: விலை பாறைக்கு வைக்கப்படவில்லை, சமப்படுத்திய தரைக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த வேறுபாட்டை வெறும் சொல் விளையாட்டு என்று சிலர் எள்ளுவார்கள். காட்டு நடுவில் இருக்கும் பள்ளத்தாக்குக்கு யார் நடந்து வரப்போகிறார்கள் என்று கேட்பதிலும் நியாயம் உண்டு. இருந்தும் நீதிமன்றங்கள் சில, வண்டி நிறுத்தவோ கூடாரம் அடிக்கவோ வாங்கும் தொகையை நுழைவுக் கட்டணத்திலிருந்து பிரித்தே பார்த்திருக்கின்றன. வேறு சில அப்படிப் பார்க்கவில்லை. எனவே தம் மாநில வழக்குகளை அறிந்த வழக்கறிஞரைக் கேட்காமல் கட்டண அறிவிப்புப் பலகை எழுதக்கூடாது. பலகையில் எழுதும் சொல்லே வழக்கைத் தீர்மானிக்கக்கூடும் என்பதால், நுழைவுச் சீட்டு என்ற சொல்லை இரசீதில் அச்சிடும் சங்கம் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறது.

சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் வண்டிக்கட்டணத்துக்கு வலுவான நியாயம் இருக்கிறது. செலவு பிறக்கும் இடமும் வசூலிக்கும் இடமும் ஒன்றாக இருக்கின்றன. மண்பாதையைக் கெடுப்பது சக்கரம். ஊர்ச் சாலையோரத்தில் நின்று, ஆம்புலன்ஸ் போக வழியில்லாமல் செய்து, பக்கத்து வீட்டுக்காரரின் பகையைத் தேடித் தருவதும் சக்கரம்தான். ஏறும் இடங்கள் மூடப்படுவதற்குக் கண்ட இடத்தில் நிறுத்திய வண்டிகள் காரணமாவது அடிக்கடி நடக்கிறது. வண்டிக்குப் பணம் என்றால் நால்வர் சேர்ந்து வருவார்கள். தலைக்கு இரண்டரை டாலர் என்பது யாரையும் வருத்தாது. வசூலிக்க ஒரே வாயில், ஒரே ஆள் போதும்.

பணமே தீர்க்க முடியாத சிக்கல் ஒன்றும் உண்டு. டெக்சஸில் எல் பாசோ நகருக்கு அருகில் உள்ள ஹுவேக்கோ டாங்க்ஸ் மாநிலப் பூங்கா, பவுல்டரிங் எனப்படும் கயிறில்லாப் பாறையேற்றத்துக்கு உலகப் புகழ் பெற்றது. அதே பாறைகளில் தொல்குடியினர் தீட்டிய முகமூடி ஓவியங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 1998 முதல் அங்கே எண்ணிக்கை வரம்பு நடைமுறையில் இருக்கிறது: வட மலையில் 70 பேர் தாமாகச் செல்லலாம், மற்ற மலைகளுக்கு வழிகாட்டியோடு மட்டுமே செல்லலாம். நுழைவுக் கட்டணம் 7 டாலர். அந்த ஏழு டாலர் ஓவியங்களைக் காக்கவில்லை. காப்பது 70 என்ற எண். எழுபது டாலர் என்று உயர்த்தியிருந்தால் வசதியுள்ளவர்கள் ஓவியத்தின் மேல் கை வைத்திருப்பார்கள், வசதியற்றவர்கள் வீட்டில் இருந்திருப்பார்கள். அழிந்தால் திரும்பாத பொருள் இருக்கும் இடத்தில் கட்டணத்தை உயர்த்திக் கூட்டத்தைக் குறைக்கலாம் என்று சங்கக் கூட்டத்தில் யாராவது முன்மொழிந்தால், ஹுவேக்கோவைச் சுட்டிக்காட்டி வரம்பையே கேட்க வேண்டும்.

அரசு நிலங்களில் முடிவு சங்கத்தின் கையில் இல்லை என்பதால் அவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2004ஆம் ஆண்டின் கூட்டாட்சிப் பொழுதுபோக்குக் கட்டணச் சட்டம், வண்டி நிறுத்துவதற்காக மட்டுமே வனத்துறை பணம் வாங்குவதைத் தடை செய்கிறது. அரிசோனாவில் பாறையேறிகளுக்கு நன்கு தெரிந்த லெமன் மலையில், வசதிகள் எதையும் பயன்படுத்தாமல் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கச் சென்றவர்களிடமும் வனத்துறை 5 டாலர் வாங்கிவந்தது. அது சட்டத்துக்கு முரணானது என்று ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. தனியார் சங்கத்துக்குக் கேடயமாக இருக்கக்கூடிய வண்டிக்கட்டணமே அரசுக்குத் தடையாக இருப்பது வேடிக்கைதான். பொதுநிலத்துக்கு மக்கள் ஏற்கனவே வரி வழியாகப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணமே அந்தச் சட்டத்தின் அடியில் இருக்கிறது. இங்கிலாந்தில் பீக் மாவட்டத்து ஸ்டேனேஜ் சுவருக்கு நடந்து போக யாரும் பணம் கேட்பதில்லை; அடிவாரத்தில் வண்டியை நிறுத்தத் தேசியப் பூங்கா ஆணையம் கட்டணம் வாங்குகிறது. 2000ஆம் ஆண்டின் சட்டம் அங்கே திறந்தவெளியில் நடக்கும் உரிமையைக் கொடுத்ததோடு, இயற்கையான பாறையால் வரும் காயத்துக்கு நில உரிமையாளரின் பொறுப்பையும் குறைத்துவிட்டதால், அந்த விவாதத்தில் அமெரிக்க விவாதத்தின் பாதிச் சூடு கூட இல்லை.

ஆக, புதிதாக நிலம் கைக்கு வந்த நடுத்தரச் சங்கம் ஒன்றுக்கு நான் சொல்லக்கூடியது இது. நிலத்தின் விலையை நன்கொடையாலும் கடனாலும் திரட்டட்டும். அதற்கு மனிதர்கள் மனமுவந்து கொடுப்பார்கள். ஆண்டுதோறும் வரும் செலவை வண்டிக்கட்டணத்தால் ஈடுகட்டட்டும். ஏறுவதற்கான அனுமதி தனியாக, இலவசமாக, பெயர்ப் பதிவோடு இருக்கட்டும். இரண்டையும் ஒரே சீட்டில் சேர்க்க வேண்டாம். அடிக்கடி வருபவர்களுக்கு ஆண்டு வண்டி அட்டை ஒன்று கொடுத்தால் வாயிலில் சில்லறைத் தகராறு குறையும். லீ, வுல்ஃப் போன்ற மாவட்டங்கள் கென்டக்கியின் மிக வறிய மாவட்டங்களைச் சேர்ந்தவை; அங்கே உள்ளூர்ப் பதிவெண் கொண்ட வண்டிகளுக்குக் கட்டணம் வேண்டாம் என்பது என் கருத்து. தாத்தா காலத்திலிருந்து தாம் சுற்றித்திரிந்த காட்டுக்குள் போக நகரத்து இளைஞர் ஒருவர் கைநீட்டிப் பணம் கேட்பதை எந்த ஊரும் எளிதில் மன்னிக்காது. அந்த ஊரின் தன்னார்வ மீட்புக் குழுவினர்தான் நள்ளிரவில் கால் முறிந்தவரைத் தூக்கிவர வேண்டியவர்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

குளிர்கால வார நாள்களில் வாயிலில் ஆள் நிறுத்துவது வரவைவிடச் செலவாகும். அந்நாள்களில் பூட்டிய இரும்புப் பெட்டி ஒன்றும், வண்டி எண் எழுத ஒரு உறையும், பென்சிலும் போதும். சிலர் போடாமல் போவார்கள். அவர்களைத் துரத்த ஆள் வைக்கும் கூலி, அவர்கள் போடாத தொகையை விட அதிகமாகவே இருக்கும்.